டூருக்கு வராதவர்களின் பட்டியல்

என் மேஜை டிராயரில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் 23 பெயர்கள். 2023 தீபாவளி முடிந்த கையோடு எங்கள் பனியன் கம்பெனியிலிருந்து கொடைக்கானலுக்கு டூர் போனபோது, வராமல் வீட்டிலேயே இருந்துகொண்டவர்கள் அவர்கள். மொத்தமே 61 பேர் வேலை பார்க்கிற இடம். 38 பேர்தான் பஸ் ஏறினோம்.

திரும்பி வந்த மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஒண்ணரை லட்சம் பக்கம் ஆயிருச்சு. ஒருத்தர் மூஞ்சிலயும் சந்தோசத்தைக் காணோமேப்பா, என்னத்த தப்பு பண்ணுனோம்?" என்று கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். நான் கணக்கு எழுதுகிறவன். டூர் ஏற்பாடும் என் தலையில்தான் விழுந்திருந்தது. போனவர்களிடம் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "சூப்பருங்கண்ணா" என்பார்கள், முதலாளி காசில் போய் வந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? அதனால் வராதவர்களிடம் கேட்பது என்று முடிவு செய்தேன். அந்த நோட்டு அப்படிப் பிறந்தது.

கேட்டதைச் சொல்லும் முன், நாங்கள் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். சம்பளத்தைக் கையில் கொடுத்து, அன்றிரவே பஸ் ஏற்றினோம். பத்து மணிக்குக் கிளம்ப வேண்டிய பஸ் பன்னிரண்டுக்குக் கிளம்பியது. பாதிப் பேர் பாக்கெட்டில் பணம் சூடாக இருந்ததால் கடை மூடும்வரை கடைப் பக்கமே நின்றிருந்தார்கள். தாராபுரம், ஒட்டன்சத்திரம், செம்பட்டி, வத்தலகுண்டு. மலை ஏறத் தொடங்கியதும் மழை. ஐப்பசி, கார்த்திகை அடைமழை என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லிவருகிறார்கள், எங்களுக்குத்தான் உறைக்கவில்லை. கோக்கர்ஸ் வாக்கில் 38 பேரும் வரிசையாக நின்று வெள்ளை வேட்டி கட்டிய மாதிரி இருந்த பனிமூட்டத்தைப் பார்த்தோம். தூண் பாறையில் தூணும் இல்லை, பாறையும் இல்லை. 400 அடி உயரப் பாறையைப் பனி அப்படியே விழுங்கியிருந்தது. "டிக்கெட் காசைத் திருப்பிக் கேளுங்கண்ணா" என்றான் ஒரு ஹெல்பர் பையன்.

இரவு தங்கிய லாட்ஜில் அறைக்கு ஆறு பேர், வெந்நீர் வரவில்லை. வெளியே கேம்ப் ஃபயர், கேக், பேனர், முதலாளியின் அரைமணி நேரப் பேச்சு. அதற்குப் பிறகு ஆண்கள் பாட்டிலோடு உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் எட்டு மணிக்கே அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். ஒன்பது பெண்கள் வந்திருந்தார்கள். அத்தனை தூரம் வந்து அவர்கள் பார்த்தது நான்கு சுவரும் ஈரக் கம்பளியும்தான்.

இப்போது நோட்டு. 23 பேரிடமும் தனித்தனியாக, டீ நேரத்தில், மெஷின் பக்கத்தில் நின்று கேட்டது. முதலில் எல்லோரும் "உடம்பு சரியில்ல", "விசேசம் இருந்துச்சு" என்றுதான் சொன்னார்கள். மூன்றாவது முறை கேட்டபோதுதான் உண்மை வந்தது.

செக்கிங் அக்கா ஒருவர் சொன்னது: "ஞாயித்துக்கெழம ஒரு நாள்தானுங் தம்பி எனக்கு. துணி தொவைக்கோணும், சந்தைக்குப் போகோணும், அம்மாவைப் பாக்கோணும். அந்த ஒரு நாளையும் கம்பெனி எடுத்துக்குச்சுன்னா அதுக்குப் பேரு டூரா?" எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் கொடுத்ததாக நினைத்தது, அவர் கணக்கில் எடுத்துக்கொண்டதாக இருந்தது.

பீஸ்ரேட் டெய்லர்கள் நான்கு பேருக்கு வேறு கணக்கு. டூர் முடிந்த திங்கட்கிழமை அசதியில் மெஷினில் உட்கார முடியாது, அன்றைய கூலி போச்சு. மாமியார் ராத்தங்க விடமாட்டார் என்றவர்கள் ஆறு பேர். பிள்ளையை விட்டுவர ஆளில்லாதவர்கள் ஐந்து பேர். மலை வளைவில் வாந்தி வரும் என்ற வெட்கம் இரண்டு பேருக்கு. ஒடிசாவிலிருந்து வந்த மூன்று பையன்களை யாரும் கூப்பிடவே இல்லையாம்! நோட்டீஸ் போர்டில் தமிழில் ஒட்டியிருந்தோம், அவ்வளவுதான்.

பெரியகுளத்துக்கார ஓவர்லாக் டெய்லர் ஒருவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். "அண்ணே, எங்க வீட்டு மொட்டமாடியில நின்னா தெரியிற மலைண்ணே அது. அதைக் காட்டுறதுக்கு என்னைத் திருப்பூர்லருந்து கூட்டிட்டுப் போறேங்கிறீங்க." திருப்பூரில் வேலை பார்ப்பவர்களில் தேனி, திண்டுக்கல், மதுரைக்காரர்கள் எத்தனை பேர் என்பது ஊருக்கே தெரியும். எனக்குத்தான் தோன்றவில்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். கொடைக்கானல் என்ற ஊரே ஒரு வகையில் ஊழியர் நலத் திட்டமாகத் தொடங்கியதுதான். மதுரையில் வேலை செய்த அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் காய்ச்சலிலும் காலராவிலும் அடுத்தடுத்துச் சாகத் தொடங்கினார்கள். முதலில் சிறுமலையைப் பார்த்தார்கள், அங்கும் காய்ச்சல் விடவில்லை. பிறகு பழனி மலையின் உச்சிக்கு ஏறி 1845ல் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். ஆட்கள் சாகாமல் இருக்க ஓய்வு வேண்டும் என்று அந்த மிஷன் கண்டுகொண்டதில் பிறந்த ஊர். 1863ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரி அமைத்தார். சாலை வந்ததென்னவோ இருபதாம் நூற்றாண்டில்தான். அதுவரை பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து துரைமார்களை நாற்காலியில் உட்கார வைத்துக் கூலிக்காரர்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். அந்தப் பாதைக்குப் பெயரே கூலி காட். சுமந்தவர்களுக்கு மேலே போய் ஓய்வெடுக்க அறை இருந்திருக்காது. பெரியகுளத்து டெய்லர் பேசியதிலிருந்து இந்த நினைப்பு எனக்கு அடிக்கடி வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நோட்டை முதலாளியிடம் காட்டினேன். பெயர்களை மறைத்துத்தான். படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப டூரே வேண்டாமா?" என்றார். வேண்டும், ஆனால் சம்பளத்தோடு கூடிய வேலை நாளில் வேண்டும் என்றேன். திங்கட்கிழமை போகலாம், எல்லோருக்கும் ஒரு ஷிஃப்ட் சம்பளம், பீஸ்ரேட்காரர்களுக்கும் அதே கணக்கு. "லீவும் விட்டு, சம்பளமும் குடுத்து, டூரும் கூட்டிட்டுப் போறதா?" என்று கேட்டவர், லாட்ஜ் செலவை அடித்தால் சம்பளம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்.

போனஸ் விஷயத்தில் இந்தப் பேச்சே வராது. குறைந்தது 8.33 சதவீதம் என்று சட்டமே சொல்கிறது, கொடுத்தாக வேண்டும். ஆயுத பூஜைப் பொரி கடலையும் ஊர் வழக்கம், யாரும் யோசிப்பதில்லை. டூர் ஒன்றுதான் முதலாளி தன் மனசுக்குக் கொடுப்பது. அதனால்தான் அதில் அவருடைய பேனரும் அவருடைய பேச்சும் நிறைந்துவிடுகின்றன.

ராத்தங்கல் இல்லை என்று முடிவானதும் பட்டியலில் பாதிப் பெயர்கள் தானாக அடிபட்டன. தங்குகிற டூரில்தான் குஷி என்று இளவட்டங்கள் முறுக்கிக்கொண்டார்கள். இருக்கட்டும். ஆளுக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிவரலாம் என்றதும் இன்னும் சில பெயர்கள் போயின. பாட்டில் கூடாது என்றதற்குத்தான் சண்டை. கட்டிங் மாஸ்டர் நேராகவே கேட்டார், "அப்புறம் எதுக்குங்க டூரு?" இதில் நான் இறங்கி வரவில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் வருஷச் சட்டத்தில், வேலை தொடர்பாகப் போகும் இடமும் கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம்தான். பத்துப் பேர் வேலை செய்கிற இடத்திலேயே புகார்க் குழு இருக்க வேண்டும். கம்பெனி டூர் பஸ்ஸில் ஒருத்தன் குடித்துவிட்டுக் கையை வைத்தால், அது மெஷின் பக்கத்தில் நடந்த மாதிரிதான். மூன்று பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று எழுதிக்கொண்டேன்.

நாள் குறிப்பதில்தான் எங்கள் பக்கத்து ஆட்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ஐப்பசியில் மழை. மார்கழியில் குளிர் எலும்பைத் தொடும். ஏப்ரல், மே சீசனில் போனால் மனிதத் தலையைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டத்தைக் கண்டுதான் 2025ல் சீசன் மாதங்களில் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றமே வரம்பு வைத்தது. தை மாதம் போகலாமென்றால் தைப்பூசம். தாராபுரம் ரோடு முழுக்கப் பாதயாத்திரைக்காரர்கள், இருட்டில் பஸ்ஸை அதில் ஓட்டுவது பாவம். பங்குனி உத்திரம் வந்தால் மறுபடி அதே கதை. இரண்டுக்கும் நடுவில், தைப்பூசம் முடிந்து பத்து நாள் விட்டு, 2025 பிப்ரவரி கடைசி வாரத்துத் திங்கட்கிழமையைப் பிடித்தோம்.

வண்டியிலும் ஒரு பாடம். 2024 நவம்பரிலிருந்து 12 மீட்டருக்கு மேல் நீளமான பஸ்களை மலையில் விடுவதில்லை. பெரிய பஸ் பேசி முன்பணம் கொடுத்துவிட்டுக் கீழே நின்று வேன் தேடிய கதைகள் கேள்விப்பட்டிருந்தேன். நாங்கள் 35 சீட் பஸ் இரண்டு பேசினோம். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு இருக்கிறது. பைசா செலவில்லை, வண்டி எண்ணும் ஆள் எண்ணிக்கையும் கொடுத்தால் வந்துவிடும். "அதெல்லாம் அங்க போயி பாத்துக்கலாமுங்க" என்றார் டிரைவர். அந்த வார்த்தையை நம்பாமல் முன்தினமே எடுத்து, இரண்டு பிரதி அச்செடுத்து, பஸ்ஸுக்கு ஒன்றாகக் கொடுத்தேன்.

தண்ணீருக்கு இருபது லிட்டர் கேன்கள், எவர்சில்வர் டம்ளர்கள். சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கொடைக்கானலில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. இத்தனை சொல்லியும் ஒரு பையன் பைக்குள் ஆறு பாட்டிலை ஒளித்துக் கொண்டுவந்து, சோதனையில் மாட்டி, 120 ரூபாய் கட்டினான். அவன் காசில்தான்.

குளிருக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது பதில் எங்கள் குடோனிலேயே அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. ஐரோப்பிய ஆர்டர் ஒன்றில் மிஞ்சிய எக்ஸ்ட்ரா பீஸ், தொப்பி வைத்த ஃபிளீஸ் ஸ்வெட்ஷர்ட், சாம்பல் நிறம். ஆளுக்கு ஒன்று, பிள்ளைகளுக்குச் சின்ன சைஸ். அதைக் கொடுத்தபோது செக்கிங் அக்கா பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "பதினோரு வருசமா இதைப் புரட்டிப் புரட்டிப் பாத்துட்டு இருக்கறேன், ஒண்ணைக்கூட மாட்டிப் பாத்ததில்லீங்" என்றார்.

காலை நான்கு மணி என்றால் நான்கு பத்துக்குக் கிளம்பிவிட்டோம். 56 பெரியவர்கள், 14 பிள்ளைகள். வாந்தி வருமென்று நோட்டில் சொன்ன இருவருக்கும், புதிதாகச் சொன்ன இன்னும் ஐந்து பேருக்கும் முன் வரிசை. முதலாளி தன் காரை விட்டுவிட்டு மனைவியோடு இரண்டாவது பஸ்ஸில் ஏறினார். பழனி அடிவாரத்தில் ஆறரை மணிக்கு இட்லி. பொங்கல், பூரி, வடை மூன்றுக்கும் தடை போட்டிருந்தேன். நெய்ப்பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு மலைப்பாதையில் ஏறினால் என்ன ஆகும் என்பது 2023லேயே தெரிந்துவிட்டது. கழிப்பறைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கினேன். பெண்கள் அதிகமுள்ள டூரில் இதுதான் முதல் கணக்கு. இதைச் சொல்ல வெட்கப்படுகிறவர் டூர் ஏற்பாட்டில் இறங்கக் கூடாது.

பழனியிலிருந்து மேலே அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர். வத்தலகுண்டு வழியைவிட ரோடு குறுகல், வளைவு அதிகம், ஆனால் எங்களுக்குச் சுற்று மிச்சம். பெருமாள்மலையில் வத்தலகுண்டு ரோட்டோடு சேரும் இடத்தில் ஒரு டீ. அதுவரை வாந்தி எடுத்தது இரண்டே பேர். அதில் ஒருவர் முதலாளி. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு அவர் முன் வரிசைக்கு மாறியபோது செக்கிங் அக்கா எழுந்து இடம் கொடுத்தார். அன்றைய டூரில் பாதி இறுக்கம் அங்கேயே உடைந்தது. பேச்சும் இல்லை, பேனரும் இல்லை, அதற்குப் பதில் இது.

எங்கே போவது என்று முன்பே கை தூக்கச் சொல்லிக் கேட்டிருந்தோம். இளவட்டங்களின் முதல் ஓட்டு குணா குகைக்கு. 1991ல் வந்த படத்தை அவர்களில் பாதிப் பேர் பார்த்ததே இல்லை, 2024ல் மஞ்சும்மல் பாய்ஸ் வந்த பிறகுதான் இந்த வெறி. அங்கே போனால் குழிக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள், கம்பி வேலி. "இம்புட்டுத்தானா?" என்று முகம் தொங்கியது. ஆனால் தரைக்கு மேல் பின்னிக் கிடக்கிற மரவேர்களில் பிள்ளைகள் ஏறி இறங்கி ஒரு மணி நேரம் விளையாடின. ஒடிசா பையன்கள் மூவரும் வேர் மேல் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, போனை வட்டமாகச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் இந்தியில் குரல்பதிவு அனுப்பியிருந்தோம், மதியச் சாப்பாட்டில் பருப்பும் முட்டைக் குழம்பும் சொல்லி வைத்திருந்தோம். பெரிய செலவொன்றும் ஆகவில்லை.

அக்காமார்களின் ஓட்டு குறிஞ்சியாண்டவர் கோயிலுக்கு. இந்து சமயத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி 1936ல் கட்டிய முருகன் கோயில், இப்போது பழனி தேவஸ்தானத்தின் கையில் இருக்கிறது. வானம் தெளிவாக இருந்ததால் கோயில் பக்கமிருந்து கீழே பழனி தெரிந்தது. காலையில் இட்லி சாப்பிட்ட ஊரை மேலிருந்து பார்த்ததில் எல்லோருக்கும் ஒரு குதூகலம். குறிஞ்சி எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்கள். 2018ல் பூத்தது, இனி 2030 என்றேன். ஒரு பெண் தன் மகளின் வயதோடு கூட்டி, "அப்ப நீ காலேஜு" என்றாள்.

சாப்பாடு முடிந்து ஏரிக்கு வந்தபோது மணி இரண்டரை. இங்கேதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்: மூன்று மணி நேரத்துக்கு நிகழ்ச்சியே வைக்கவில்லை. மியூசிக்கல் சேர் இல்லை, லெமன் ஸ்பூன் இல்லை. சிலர் ஐந்து கிலோமீட்டர் கரையைச் சைக்கிளில் சுற்றினார்கள், சிலர் படகில் போனார்கள். இரண்டு அக்காக்கள் புல்லில் படுத்துத் தூங்கினார்கள். பகல் மூன்று மணிக்குத் தூங்கி எத்தனை வருஷமாயிற்று என்று எழுந்ததும் சொன்னார்கள். மூன்று பேர் மார்க்கெட்டுக்குப் போய் மலைப்பூண்டு பேரம் பேசி வாங்கிவந்தார்கள். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, விலையும் அதற்குத் தகுந்த மாதிரிதான்.

நான் கரையோரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் செக்கிங் அக்கா. வெயில் தணிந்து குளிர் ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஸ்வெட்ஷர்ட்டின் கையை இழுத்து விட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கை தானாகக் கஃப் பக்கம் போனது. மடக்கினார், உள்பக்கம் திருப்பினார், கட்டைவிரலால் தையலைத் தடவினார். முகம் மாறியது.

"ஸ்கிப் ஸ்டிச். பாருங்க."

பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இது மூணாவது லைன் வேலை. எங்கண்ணுல எப்புடித் தப்புச்சு இது?" என்றவர், தூரத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த பெரியகுளத்து டெய்லரை ஏரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூப்பிட்டார். அவர் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இன்னிக்கி லீவுக்கா" என்று கும்பிட்டார். இருவரும் சிரித்த சிரிப்பில் படகுக்காரர்கூடத் திரும்பினார்.

இரவு பத்தே முக்காலுக்குத் திருப்பூர் வந்து சேர்ந்தோம். பெண்களை அவரவர் தெருமுனையில் இறக்கிவிட்டுத்தான் பஸ்ஸை விட்டோம். செலவு, சம்பளத்தையும் சேர்த்து 1 லட்சத்து 22 ஆயிரம். 2023ல் 38 பேருக்கு 1 லட்சத்து 48 ஆயிரம் ஆகியிருந்தது. முதலாளி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

நோட்டின் இரண்டாவது பக்கத்தில் இப்போது ஐந்து பெயர்கள். பாட்டிலுக்காக வராத மூன்று பேர், அவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மாசமாக இருந்த ஒரு தங்கை, அடுத்த முறை பிள்ளையோடு வருவாள். ஐந்தாவது பெயர் வாட்ச்மேன் ஐயா. இரண்டு டூருக்கும் அவர் வரவில்லை. எல்லோரும் போகிற நாளில் கம்பெனியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. அரைக் கிலோ மலைப்பூண்டும் ஒரு பாட்டில் தைலமும் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்ஷர்ட்டும் கொடுத்தோம், திருப்பூர் வெயிலில் அதை அவர் எங்கே போடுவார்? உங்கள் கம்பெனியில் டூர் போகிற நாளில் வாட்ச்மேனுக்கு என்ன ஏற்பாடு செய்கிறீர்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த பிப்ரவரிக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.